சிலம்பைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

போன வாரம் வீட்டுல உட்கார்ந்து மேட்ச் பார்த்துட்டு இருந்தோம். ஒரு எல்பிடபிள்யூ. அம்பயர் கையைத் தூக்கிட்டார், பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டார், மூணு நிமிஷம் கழிச்சு நாட் அவுட். என் தாய்மாமா, தூத்துக்குடிக்காரர், எழுபதைத் தாண்டினவர், ரிமோட்டைத் தூக்கிப் போட்டுட்டார். "அம்பயர் சொன்னா சொன்னதுதான்னு இருந்தப்போ ஆட்டம் ஆட்டமா இருந்துச்சு. இப்போ கோர்ட்டு மாதிரி ஆக்கிட்டானுவ" என்றார்.

கோர்ட்டுன்னு அவர் சொன்னதும் எனக்கு அவர் ஊருக்குப் பக்கத்துல இருக்கிற கொற்கைதான் ஞாபகம் வந்துச்சு. இது கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வச்சுட்டு வாங்க.

கொற்கை இப்போ ஏரல் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின மண்ணால கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. ஒரு காலத்தில் பாண்டியர்களின் பெரிய துறைமுகம், முத்துக்குப் பேர் போன ஊர். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு இந்த ஊரைக் கொல்கி என்று குறிப்பிடுது. அதுல ஒரு தகவல் இருக்கு. இங்கே முத்துக்குளிக்கக் கடலுக்குள் இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள். அவங்கள்ல எத்தனை பேருக்குச் சரியான தீர்ப்பு கிடைச்சுதுன்னு எந்தக் குறிப்பும் சொல்லாது.

இந்த ஊர் முத்துக்குப் பேர் போனதுன்னு சொன்னேன்ல. நம்ம இலக்கியத்துலயே மிகப் பிரபலமான தப்பான தீர்ப்பு, ஒரு முத்தை வச்சுத்தான் திருத்தப்பட்டது.

சிலப்பதிகாரக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தத் தீர்ப்பு எப்படிக் கொடுக்கப்பட்டதுன்னு ஒரு தடவை நிதானமாப் பாருங்க. கோப்பெருந்தேவி தலைவலின்னு சொல்லி அந்தப்புரம் போயிட்டா. ஊடல்தான், வேற ஒண்ணுமில்ல. அவளைச் சமாதானப்படுத்தப் பாண்டியன் நெடுஞ்செழியன் அவசரமாப் போறான். வழியில பொற்கொல்லன் வந்து விழுந்து, "சிலம்பு திருடினவன் என் வீட்டுல இருக்கான்" என்கிறான். ராஜா நின்ன இடத்துலயே காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில இருந்தா கொன்னுட்டுச் சிலம்பைக் கொண்டுவாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

விசாரணை மொத்தமும் அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவனை ராஜா பார்க்கவே இல்லை.

அடுத்த காட்சி அதைவிட முக்கியம். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குறாங்க. இவன் முகத்தைப் பார்த்தா கொலைத் தண்டனைக்கு உரியவனாத் தெரியலையேன்னு சொல்றாங்க. பொற்கொல்லன் சிரிச்சுட்டு, திருடர்களோட தந்திரம் எல்லாம் எப்படிப்பட்டதுன்னு ஒரு பிரசங்கமே பண்றான். பேச்சு நீளுது. அதுக்குள்ள குடிச்சிருந்த ஒருத்தன் வாளை வீசிடறான்.

அங்கே நின்னவங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சு. சந்தேகத்தை மேல கொண்டுபோற வழிதான் இல்லை. "ஒரு நிமிஷம், ராணியோட சிலம்புல என்ன பரல்னு கேட்டுட்டு வந்துடறேன்"னு சொல்ற அதிகாரம் ஒரு காவலனுக்கும் கிடையாது. சாகப்போறவனுக்கு நிச்சயமா கிடையாது.

அப்புறம் கண்ணகி வந்தா. என் சிலம்புல இருக்கிறது மாணிக்கம் என்றாள். எங்களோடது முத்து என்றான் பாண்டியன். கோவலன்கிட்டேருந்து எடுத்த சிலம்பை முன்னாடி வச்சாங்க. உடைச்சாள். மாணிக்கம் தெறிச்சுது. திறந்து பார்க்க ஆன நேரம் சில விநாடி. ஆதாரம் அதுவரைக்கும் அரண்மனையிலயேதான் இருந்தது!

சரி, இப்போ ஆட்டத்துக்கு வருவோம்.

டிவியில் திரும்பப் பார்த்து முடிவு சொல்ற வழக்கம் டெஸ்ட் கிரிக்கெட்டில் தொடங்கினது 1992 நவம்பர்ல, தென்னாப்பிரிக்காவின் டர்பனில். முதன்முதலா அதில் அவுட் ஆனவர் யாருன்னு நினைக்கிறீங்க? சச்சின் டெண்டுல்கர். ரன் அவுட். களத்தில் இருந்த அம்பயர் மிட்ச்லிக்குச் சந்தேகம் வந்தது, டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த லீபன்பெர்க்கைக் கேட்டார், விஷயம் முடிஞ்சது.

அதே தொடர், அடுத்த டெஸ்ட், ஜோகன்னஸ்பர்க். ஜான்டி ரோட்ஸ் 28 ரன்ல ரன் அவுட் ஆனதா இந்தியர்கள் கத்துறாங்க. அம்பயர் ஸ்டீவ் பக்னர். டிவியைக் கேட்கலை. நாட் அவுட்னு சொல்லிட்டார். ரீப்ளேயில் அவுட்னு தெளிவாத் தெரிஞ்சுது. ரோட்ஸ் 91 அடிச்சார்.

கருவி மைதானத்துல தயாரா இருந்தது. பதினோரு பேருக்குப் பாதிப்பு. ஆனா கேட்கிற உரிமை தப்புப் பண்ணினவர்கிட்ட மட்டும்தான் இருந்தது. தனக்குச் சந்தேகம் வந்தாத்தான் அவர் கேட்பார். தப்புப் பண்றவங்களுக்குப் பல நேரம் சந்தேகமே வராது, அதுதான் சிக்கல். இதை ஒரு டாக்டராக் கொஞ்சம் விளக்கறேன்.

கண்ணாடி முன்னாடி நின்னு உங்க இடது கண்ணைப் பாருங்க, உடனே வலது கண்ணைப் பாருங்க. மாத்தி மாத்திப் பாருங்க. உங்க கண் அசையறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல நிக்கிறவங்களைக் கேளுங்க, நல்லாவே அசையுதும்பாங்க. பார்வை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது மூளை அந்தச் சின்ன இடைவெளியை அமுக்கிடும். இல்லேன்னா உலகமே ஆடுற மாதிரி இருக்கும். அமுக்கினதை நமக்குச் சொல்லவும் சொல்லாது. இடைவெளியே இல்லாத மாதிரி ஒட்டித் தைச்சுக் கொடுத்துடும்.

அம்பயர் முதல்ல பௌலரோட முன்னங்காலைப் பார்க்கணும், கோட்டைத் தாண்டுதான்னு. உடனே பார்வையைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோகணும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரை விநாடிகூட ஆகாது. அதுக்குள்ள எங்க பிட்ச் ஆச்சு, பேட்ல பட்டுதா, ஸ்டம்ப்ல பட்டிருக்குமா, எல்லாம். நம்ம சென்னைக்காரர் வெங்கட்ராகவன் இப்படி 73 டெஸ்ட் நின்னார், 1993-லிருந்து 2004 வரைக்கும். எல்பிடபிள்யூன்னா ஒரே ஒரு பார்வைதான், திரும்பப் பார்க்க வழி கிடையாது. அதை நினைச்சா எனக்கு அம்பயர்கள் மேல மரியாதை கூடத்தான் செய்யுது. அவங்க தப்புப் பண்றாங்கன்னா அது நேர்மைக் குறைவு இல்லை, கவனக் குறைவும் இல்லை. கண்ணும் மூளையும் கட்டப்பட்டிருக்கிற விதம் அப்படி. (இப்போ சர்வதேச ஆட்டங்கள்ல நோ-பால் பார்க்கிற வேலை மூணாவது அம்பயர்கிட்ட போயிடுச்சு. நல்ல மாற்றம்.)

அடுத்தது 2008. இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஜனவரி, சிட்னி டெஸ்ட். ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்ல இருக்கும்போது இஷாந்த் சர்மா பந்துல எட்ஜ் வாங்கினார். அம்பயர் நாட் அவுட்னார். சைமண்ட்ஸ் 162 அடிச்சு அவுட் ஆகாம நின்னார். கடைசி நாள் திராவிட், பேட்ல படாத பந்துக்கு கேட்ச் அவுட். இந்தியா தோத்துச்சு. ரெண்டு முடிவும் கொடுத்த அம்பயர் யாரு? அதே ஸ்டீவ் பக்னர், பதினஞ்சு வருஷம் கழிச்சு. அடுத்த பெர்த் டெஸ்ட்ல அவரை நீக்கி பில்லி பௌடனைப் போட்டாங்க. அந்த மனுஷனைத் திட்டாத வாய் இந்தியாவுல இல்லை. நானும் திட்டினேன். ஆளை மாத்தினா முறை மாறிடுமான்னு அப்போ எனக்குத் தோணலை.

ஆறு மாசம் கழிச்சு ஜூலை. கொற்கைக் கடலுக்கு எதிர்க்கரை, கொழும்பு. இந்தியா-இலங்கைத் தொடர்ல முதன்முதலா வீரர்களே அம்பயர் முடிவை எதிர்த்துக் கேட்கலாம்னு சோதனை பண்ணினாங்க. நாம இன்னைக்கு டிஆர்எஸ்னு சொல்றதோட பிறப்பு அதுதான். அந்த முறையில் முதல்ல அவுட் ஆன பேட்ஸ்மேன் சேவாக். தொடர் முழுக்க இலங்கை 11 தடவை ஜெயிச்சுது, இந்தியா ஒரே ஒரு தடவை. நம்மாளுங்க கடுப்பாயிட்டாங்க. சிட்னியில் அநியாயம்னு கதறின அதே வாரியம், 2009-ல டிஆர்எஸ் உலகத்துக்கே அறிமுகமான பிறகும் ரெண்டு நாட்டுத் தொடர்கள்ல வேண்டவே வேண்டாம்னு நின்னுது. 2016 நவம்பர், இங்கிலாந்து ராஜ்கோட்டுக்கு வந்தப்போதான் இறங்கி வந்தாங்க.

நடுவுல 2011 உலகக் கோப்பையில் டிஆர்எஸ் இருந்தது. மொஹாலி அரையிறுதியில் டெண்டுல்கர் 23 ரன்ல எல்பிடபிள்யூ. ரிவ்யூ கேட்டார், தப்பிச்சார், 85 அடிச்சார். அன்னைக்கு இந்தியாவுல ஒருத்தரும் "இயந்திரத்தை நம்ப முடியாது"ன்னு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை!

ஆனாலும் வாரியம் சொன்னது முழுக்க வெட்டிப் பேச்சு இல்லை, அதையும் சொல்லணும். பந்து காலில் பட்ட பிறகு எங்கே போயிருக்கும்னு திரையில் காட்டறது நடந்த காட்சி கிடையாது, கணிப்பு. அதே உலகக் கோப்பையில் பெங்களூர்ல இயான் பெல் எல்பிடபிள்யூ விஷயத்துல, ஸ்டம்ப்ல இருந்து ரெண்டரை மீட்டருக்கு மேல தள்ளிப் பட்டுருக்கு, கணிப்பு அவ்வளவு உறுதி இல்லைன்னு சொல்லி அம்பயரோட நாட் அவுட்டையே விட்டாங்க. தோனிக்குச் செம கோபம். "அம்பயர்ஸ் கால்"னு ஒண்ணு வருதே, பந்து ஸ்டம்ப்பை உரசற மாதிரி காட்டினாலும் முதல் முடிவே நிக்கும்னு, அதுக்கும் காரணம் இதுதான். ஜனங்களுக்கு அது புரியாம எரிச்சல் வருது. எனக்கு அது ரொம்ப நியாயமாத் தெரியுது. ஒரு ரத்தப் பரிசோதனை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல வந்தா, அந்த எண்ணை மட்டும் வச்சு முன்னாடி எடுத்த முடிவை நான் தூக்கிப் போட மாட்டேன். அளக்கிற கருவிக்கும் பிழை உண்டு.

இதே கேள்வி அமெரிக்காவுல பேஸ்பால்ல இன்னும் கொடூரமா வந்துச்சு. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம், ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சாப் போதும். பந்து வீசறவர் எதிரணியோட 27 பேரையும் வரிசையா, ஒருத்தரைக்கூட ஒரு பேஸையும் தொட விடாம அவுட் ஆக்கினா அதுக்கு "பெர்ஃபெக்ட் கேம்"னு பேர். நூறு வருஷத்துக்கு மேல நடக்கிற ஆட்டத்துல அதுவரைக்கும் அதைச் செஞ்சவங்க 20 பேர்தான்.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா 26 பேரை அவுட் ஆக்கியாச்சு. 27-வது ஆள் அடிச்சுட்டு ஓடறார். கலராகாவே முதல் பேஸுக்கு ஓடிப்போய், எறிஞ்ச பந்தைப் பிடிச்சு, பேஸை மிதிச்சுட்டார். ஓடி வந்தவர் ஒரு அடி பின்னாடி. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ரெண்டு கையையும் விரிச்சு நாட் அவுட்னுட்டார்.

ரீப்ளே வந்த உடனே மைதானத்துக்கே தெரிஞ்சுபோச்சு, தப்புன்னு. ஆட்டம் முடிஞ்சு வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் அழுதுட்டார். தப்பு என்னோடதுன்னு வெளிப்படையாச் சொன்னார். மறுநாள் அணிப் பட்டியலைக் கொடுக்கக் கலராகாவே அவர்கிட்ட போனார், அப்பவும் ஜாய்ஸ் கண்ணுல தண்ணி. பாதிக்கப்பட்டவர் மன்னிச்சாச்சு, தப்புப் பண்ணினவர் ஒத்துக்கிட்டாச்சு, ஆதாரம் கையில இருக்கு. ஆனாலும் மாத்தலை. மாத்த விதியில் இடமில்லை. அந்த விளையாட்டில் 2008 ஆகஸ்ட்லேயே ரீப்ளே வந்தாச்சு, ஆனா அது ஹோம் ரன் சம்பந்தப்பட்ட முடிவுகளுக்கு மட்டும். லீக் தலைவரும் முடிவைத் திருப்ப மறுத்துட்டார். இன்னைக்கும் ஏட்டுல அது பெர்ஃபெக்ட் கேம் கிடையாது.

பாண்டியனாவது சிலம்பு உடைஞ்சதும் உயிரை விட்டான். இங்கே யாரும் சாகலை, சந்தோஷம். ஆனா எல்லாரும் உண்மையை ஒத்துக்கிட்ட பிறகும் தப்பு அப்படியே நிக்கிறதை ஒரு ஆட்டம்னு விட்டுட என்னால முடியலை.

2014-ல பேஸ்பால் முழுசா மாறுச்சு. அணி மேலாளர் எதிர்த்துக் கேட்கலாம், நியூயார்க்ல ஒரு அறையில் உட்கார்ந்து பார்ப்பாங்க. முதல் வருஷம் பார்த்ததுல கிட்டத்தட்ட பாதி முடிவு மாறுச்சு. நூத்துக்கணக்கான தப்பு! முந்தின வருஷங்கள்லயும் அவ்வளவு இருந்திருக்கணும்தானே. யாரும் எண்ணலை, அவ்வளவுதான்.

இனி எங்க தொழில் பக்கம். 2008-ஐ ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல. சிட்னிக்கும் கொழும்புக்கும் நடுவுல, அந்த ஜூன் மாசம், உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டுது. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லணும்: நோயாளி பேர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன். சின்ன விஷயம். ரொம்ப சீனியர் சர்ஜன்கள் சிரிச்சாங்க, "எனக்குத் தெரியாதா எந்தக் கால்னு?" டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் அதைப் பரிசோதிச்சு 2009-ல வெளியான ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைஞ்சிருந்தது.

அந்தப் பட்டியலோட உயிர் எங்க இருக்குன்னா, தியேட்டர்ல இருக்கிற நர்ஸ் "சார், ஒரு நிமிஷம்"னு சொல்லலாம், சொன்னா சர்ஜன் நிக்கணும். நான் பயிற்சி டாக்டரா இருந்த காலத்துல ஒரு நர்ஸ் அக்கா இப்படி ஒருதரம் நிறுத்தினாங்க. நான் வலது கைன்னு எழுதி வச்சிருந்தேன், அடி இடது கையில. கட்டுப் போடறதோட போயிருக்கும், பெரிய ஆபத்து ஒண்ணுமில்லை. ஆனா எனக்கு அன்னைக்குத் துளி சந்தேகம்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துது. என் தப்பைக் கண்டுபிடிக்க நான் மட்டுமே இருந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.

அதனால மாமாகிட்ட நான் சொன்னது: கோர்ட்டு மாதிரி ஆனது நல்லதுதான் மாமா. இன்னைக்கு நம்ம நாட்டுல ஒரு செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதிச்சா, உயர் நீதிமன்றம் உறுதி செய்யாம அதை நிறைவேத்தவே முடியாது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு பண்ணாட்டியும் வழக்கு தானா மேல போகும். கோவலனுக்கு இல்லாதது அது.

"தானா மேல போகும்" என்பதைக் கவனிங்க. கிரிக்கெட்ல அது இன்னும் இல்லை. 2019 ஆகஸ்ட், லீட்ஸ், ஆஷஸ். இங்கிலாந்துக்கு ஜெயிக்க 2 ரன், கையில கடைசி விக்கெட். லயன் பந்துல ஸ்டோக்ஸ் எல்பிடபிள்யூ, திரையில் மூணு சிவப்பும் எரியுது. அம்பயர் நாட் அவுட்னுட்டார். ஆஸ்திரேலியா ரிவ்யூ கேட்க முடியலை, முந்தின ஓவர்லதான் உப்புப்பெறாத ஒண்ணுக்குக் கடைசி ரிவ்யூவை வீணாக்கியிருந்தாங்க. இங்கிலாந்து ஒரு விக்கெட்ல ஜெயிச்சுது. வீணாக்கினது அவங்க தப்புன்னு சொல்லலாம், சரி. ஆனா அம்பயரே "எனக்கு உறுதியா இல்லை, பார்த்துச் சொல்லுங்க"ன்னு எல்பிடபிள்யூவுக்குக் கேட்க விதியில் வழி இல்லையே? ரன் அவுட்டுக்குக் கேட்கலாமாம், இதுக்குக் கூடாதாம்.

பேஸ்பால்காரங்க இதை 2014-லயே யோசிச்சுட்டாங்க. மேலாளரோட வாய்ப்பு தீர்ந்திருந்தாலும், ஆட்டத்தோட பிற்பகுதியில் தலைமை அம்பயர் தானாகவே ரீப்ளே கேட்கலாம். கலராகாவுக்கு நடந்தது ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ்ல. இந்த ஒரு விதியை மட்டும் கிரிக்கெட் கடன் வாங்கினாப் போதும்னு நான் நினைக்கிறேன்.

மாமா விடலை. "அப்போ எத்தனை தடவைடா திரும்பத் திரும்பப் பார்ப்பே? முடிவுன்னு ஒண்ணு வேண்டாமா?" நல்ல கேள்வி. இதுவும் நம்ம ஊர்லயே நடந்தாச்சு. 2023 ஜூன், கோயம்புத்தூர், டிஎன்பிஎல். அந்த வருஷம்தான் டிஎன்பிஎல்லுக்கு டிஆர்எஸ் வந்தது. திண்டுக்கல் அணிக்காக அஷ்வின் போட்ட பந்துல திருச்சியோட ராஜ்குமாருக்கு கேட்ச் அவுட் கொடுத்தாங்க. அவர் ரிவ்யூ கேட்டார். பேட் தரையில் பட்ட சத்தம்தான்னு மூணாவது அம்பயர் நாட் அவுட்னு மாத்தினார். உடனே அஷ்வின் அந்த ரிவ்யூ மேலயே ரிவ்யூ கேட்டார்! மறுபடி பார்த்தாங்க, நாட் அவுட்டே நின்னுது. ஊரே சிரிச்சுது. மாமாவும் சிரிச்சார். ரெண்டாவது தடவையும் அதே ஆள், அதே படத்தை, அதே திரையில் பார்த்தா வேற என்ன பதில் வரும்? திரும்பப் பார்க்கிறது பயன்படணும்னா வேற கண் வேணும், இல்லை புது ஆதாரம் வேணும். அது ரெண்டும் இல்லாத இடத்துல முடிவு முடிவுதான், அதுல மாமா பக்கம் நியாயம் இருக்கு.

கொற்கையை விட்டுட்டு வந்துட்டேன். கதையில் அந்த ஊர் வர்ற இடமே இனிமேதான்.

நெடுஞ்செழியன் செத்து, மதுரை எரிஞ்ச பிறகு, கொற்கையில் இருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன் பொறுப்புக்கு வர்றான். நடந்த அநியாயத்துக்குப் பரிகாரம் பண்ணணும், கண்ணகியைச் சாந்தப்படுத்தணும். தப்பைத் திருத்தணும்கிற எண்ணம் அவனுக்கு உண்மையாவே இருந்துச்சு. என்ன பண்ணினான் தெரியுமா? ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான்னு சொல்லுது காப்பியம்.

சிலம்பைத் திருடினது ஒருத்தன். மத்தவங்க எல்லாம் எங்கேயோ பட்டறையில் ஊதுகுழல் ஊதிட்டு இருந்தவங்க. அவங்க சார்பா யாராவது அரண்மனை வாசல்ல போய் நின்னதா சிலப்பதிகாரத்தில் ஒரு வரி கிடையாது.